நான்காம் கூறு: பள்ளித் தாதியர் பணி – ஒரு மதிப்பீடு

மருத்துவத்தின் கூறுகளை எண்ணப் புகுந்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நின்றாரில்லை. அருகிருந்து மருந்து கொடுப்பவனையும் நான்காம் கூறாகச் சேர்த்தார். அந்நான்காம் கூறு இல்லாவிடத்து நேர்வது யாது என்பதை நியூயார்க் நகரப் பள்ளிகளின் வரலாறு காட்டும்.

அந்நகரில் 1897ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளைச் சோதித்தனர். கண்ணோய், படர்தாமரை, சிரங்கு, பேன் கண்ட பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அத்துடன் மருத்துவர் கடமை முடிந்தது. பிற நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகளின் பிள்ளைகளே இதனால் பெரிதும் தாக்குண்டனர். காலையில் விலக்கப்பட்ட பிள்ளை, மாலையில் அதே தோழரோடு தெருவில் விளையாடிற்று. நோயும் தீரவில்லை, பாடமும் போயிற்று.

1902 அக்டோபரில் லில்லியன் வால்டு அம்மையார், லினா ரோஜர்ஸ் என்னும் தாதியை நான்கு பள்ளிகளில் ஒரு மாதம் பணியாற்ற அனுப்பினார். ரோஜர்ஸ் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். வீடு தேடிச் சென்று தாய்மாருக்குப் பேணும் முறையைச் செய்து காட்டினார். பயன் கண்ட நகர ஆட்சியினர் மேலும் பல தாதியரை அமர்த்தினர். 1902 செப்டம்பரில் 10,567ஆக இருந்த விலக்கல், 1903 செப்டம்பரில் 1,101ஆகக் குறைந்தது.

இவ்வெண்களைப் போற்றுவோர் அவற்றை நுணுகி நோக்குதலும் வேண்டும். இவை விலக்கப்பட்டோரின் கணக்கேயன்றி நலமுற்றோரின் கணக்கல்ல. பள்ளியிலேயே மருந்திடத் தொடங்கிய பின், முன்பு விலக்கப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகள் பலர் வகுப்பிலேயே இருத்தப்பட்டனர். ஆகவே, குறைந்தது நோய் மட்டுமன்று, விலக்கும் வழக்கமுமாகும். எனினும் பணியின் சிறப்பு இதனால் குன்றாது. இழக்கவிருந்த பாடநாள்கள் பிள்ளைகளுக்கு மீண்டன என்பது மெய்.

அவ்வம்மையார் 1917இல் வெளியிட்ட ‘பள்ளித் தாதி’ என்னும் ஆங்கில நூலின் துணைத்தலைப்பு, மாணவர் நலங்காப்பதில் தாதிக்குரிய கடமைகளையும் பொறுப்புகளையும் கூறுகிறது. தாதியின் பொறுப்பு பெரிதே. ஆனால் காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியான குடியிருப்பைத் தாதி ஒருத்தி மாற்றவியலுமோ? அப்பொறுப்பு வீட்டுரிமையாளருக்கும் நகர ஆட்சிக்கும் உரியது. தாதியின் பெயரைச் சொல்லி அவர்கள் தப்பிவிடலாகாது.

ஆசிரியர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதுவது எளிது. ஏன் வரவில்லை என்று கேட்க வீட்டு வாயில்வரை செல்பவர் ஒருவர் இருந்தால்தான், அப்பிள்ளை மறுநாள் வரும்.