கஞ்சி வார்த்தவரின் கீர்த்தனைகள்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) நம்மவருள் பெரும்பாலோர் தமிழின் முதல் நாவலாசிரியர் என்றே அறிவர். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவருடைய ஏனைய நூல்களை மறைத்துவிட்டது. அவ்வாறு மறைந்தவற்றுள் ஒன்று 1878இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. அதிலும் பஞ்சத்தைக் குறித்த கீர்த்தனைகளை இன்று பாடுவோர் மிகச் சிலரே.

அவை பிறந்த சூழல் நாம் மறக்கத்தகாதது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மடிந்தோர் பல லட்சம். மாயவரத்தில் முன்சீபாகப் பணியாற்றி ஓய்வுபெற்றிருந்த இக்கத்தோலிக்கர், தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தோரைக் காத்தார். 'நந்தனார் சரித்திரம்' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் சைவர், அந்தணர். இக்கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவர்மீது ஒரு கீர்த்தனையே பாடினார்.

ஆனால் வேதநாயகரின் பஞ்சக் கீர்த்தனைகளில் கஞ்சி வார்த்தவரின் குரல் நமக்குக் கேட்பதில்லை. பசித்தவரோடு ஒருவராய் நின்று இறைவனிடம் முறையிடுபவரின் குரலே கேட்கிறது. 1859இல் வந்த அவருடைய 'நீதிநூ'லோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அங்கே பேசுபவர் நீதிபதி. கைக்கூலியைச் சாடுமிடத்தில் அனுபவத்தின் சூடு உண்டு. வேறு பல இடங்களில் அறிவுரை உயரத்திலிருந்து இறங்குகிறது, செய்யுளும் உலர்ந்துபோகிறது. (என் மறையுரைகளும் அப்படித்தான் என்பார் பங்கில் உண்டு.) பஞ்சமோ அந்த நீதிபதியை நாற்காலியிலிருந்து இறக்கி, கையேந்துவோர் வரிசையில் நிறுத்திவிட்டது. தாம் கொடுப்பது போதாது என்று கண்டவனுக்கே அந்தக் குரல் வரும்.

குறையும் சொல்லவேண்டும். இக்கீர்த்தனைகளின் முறையீடு பெரும்பாலும் விண்ணை நோக்கியது. அதே ஆண்டுகளில் இந்தியத் தானியம் சீமைக்குக் கப்பலேறியது. கையேந்த வைத்த கைகளைப் பற்றியும் அவர் பாடியிருக்கலாகாதா என்று மனம் ஏங்குகிறது.

எங்கள் பங்கில் தை அறுவடை முடிந்ததும் நெல் காணிக்கை உண்டு. பீடத்தருகே பெயர் எழுத ஒரு நோட்டும் இருக்கும். ஆலயக் குழல் விளக்கில் உபயதாரர் பெயரைத் தீட்டி வெளிச்சத்தைப் பாதியாக்கியவர்கள்தாமே நாம்! சென்ற ஆண்டு, நடவுக் கூலிக்குச் செல்லும் பெண்ணொருவர் முந்தானையில் முடிந்துவந்த படி நெல்லைக் குவியலில் கொட்டிவிட்டு, நோட்டின் பக்கம் திரும்பாமலே நடந்தார். "பேரைச் சொல்லிட்டுப் போம்மா" என்று கணக்கர் கூவினார். அவர் நிற்கவில்லை. எழுதாமல் விட்டால் கணக்கு இடிக்கும் என்று நானும் உபதேசியாரை அனுப்பிப் பெயரைக் கேட்டு வரச் சொன்னேன்.

இக்கீர்த்தனைகளைத் தேடியெடுத்து மீண்டும் வாசித்தது அன்றிரவுதான்.