தடை சொல்பவர் ஏடு காட்டட்டும்

தகுதியும் பயிற்சியும் உள்ள எந்தச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-இல் தமிழக அரசு ஆணையிட்டது. அதையொட்டித் தொடங்கிய ஆறு பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று திருவண்ணாமலையில் நடந்தது. மந்திரமும் பூசை முறையும் கற்று, தீட்சையும் பெற்று, ஆறு பள்ளிகளிலிருந்தும் 200-க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். சான்றிதழ் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஆணையை எதிர்த்துச் சிவாச்சாரியார்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2015 டிசம்பர் 16-இல்தான்.

பிறப்பைக் காட்டி வேலை மறுப்பதை நம் நீதிமன்றங்கள் எப்படி எடைபோடுகின்றன என்பதற்கு இந்த வழக்கே நல்ல உரைகல்.

முதலில் நிறை. பூசை செய்வது சமயச் செயல், பூசகரை நியமிப்பது நிர்வாகச் செயல் என்று 1972-இல் சேஷம்மாள் வழக்கு பிரித்துக் காட்டியது. அர்ச்சகர் பதவிக்கான பரம்பரை உரிமையை நீக்கிய சட்டம் அதில் நிலைத்தது. 2002-இல் ஆதித்யன் வழக்கு, கேரளக் கோயில் ஒன்றில் பிராமணர் அல்லாத ஒருவரின் நியமனத்தை ஏற்றது. 2015 தீர்ப்பும் சாதியையோ பிறப்பையோ வைத்து ஒருவரை விலக்கக் கூடாது என்றது. அமெரிக்காவில் சமய ஊழியர் நியமனம் என்றால் பாகுபாட்டு வழக்கே நிற்காது என்று 2012-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நம் நீதிமன்றம் கதவைச் சாத்தவில்லை.

குறை அந்த 2015 தீர்ப்பின் அடுத்த வரியில் இருக்கிறது. நியமனம், கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமத்தின்படி நடக்க வேண்டும். மீறல் உண்டா என்பதைக் கோயில் கோயிலாக, வழக்கு வழக்காகப் பார்க்கலாம் என்று அதே தீர்ப்பு விட்டுவிட்டது. சைவத்துக்கும் வைணவத்துக்கும் ஆகமங்கள் வேறு, கோயில்தோறும் மரபு வேறு. ஆகவே இந்த நிதானத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு நியமனமும் ஒரு வழக்காகிறது. 2021 ஆகஸ்டில் அரசு நியமன ஆணைகளை வழங்கியதும் மீண்டும் நீதிமன்றப் படிதான். 2023 தொடக்கத்தில் வயலூர் முருகன் கோயிலில் இருவரின் நியமனத்தை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூனில், அர்ச்சகர் நியமனத்தில் வம்சாவளிக்கு இடமில்லை, ஆகம அறிவே அளவுகோல் என்று அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி தீர்ப்பளித்தார். பயிற்சி முடித்தவர் எதை நம்பி விண்ணப்பிப்பது?

கோளாறு சட்டத்தில் இல்லை, நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதில் இருக்கிறது. சாதாரண வேலை வழக்குகளில், தகுதி இருந்தும் மறுக்கப்பட்டதை ஊழியர் காட்டிவிட்டால் காரணம் சொல்ல வேண்டியது முதலாளி என்று 1973-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்தது. அந்த முறையை இங்கே பொருத்தலாம். பயிற்சியும் தீட்சையும் பெற்றவரைத் தடுப்பவர், எந்த ஆகமம், எந்தப் படலம், அந்தக் கோயிலில் அது வழக்கத்தில் உண்டா என்று காட்ட வேண்டும். காட்டினாலும், அந்த விதி பிறப்பை மட்டுமே அளவாகக் கொண்டது என்றால் 2015 தீர்ப்பின்படியே அது செல்லாது. அதுவரை இடைக்காலத் தடை கிடையாது என்றும் சொல்லிவிட்டால், படித்தவரின் இளமை வாய்தாக்களில் கரையாது.