கூரியரில் போகும் நாய்முடி

நாய் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கிறது. பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்கிறது. காதிலிருந்து புளித்த வாடை வருகிறது. கோலார் மாவட்டத்துப் பங்காருபேட்டையில் இருந்துகொண்டு இதற்கு வழி என்ன என்று கைபேசியில் தேடினால், ‘வீட்டிலேயே ஒவ்வாமைப் பரிசோதனை’ என்ற விளம்பரம் சீக்கிரமே கண்ணில் படும். ஒரு சிறு பெட்டி; அதற்குள் பஞ்சுக் குச்சி அல்லது முடி போடும் பிளாஸ்டிக் உறை, ஒரு படிவம், திருப்பி அனுப்பும் கவர். கையாள்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, நாயைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள்கூடத் தேவையில்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே குச்சியைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால் எச்சில் மாதிரி தயார். சில நிறுவனங்களுக்கு ஒரு சிட்டிகை முடியே போதும். பிறகு பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் பல பக்க அறிக்கை மின்னஞ்சலில் வரும். கோழி சிவப்பு, அரிசி மஞ்சள், புல் சிவப்பு, பச்சைப் பட்டாணி பச்சை. அச்சும் வடிவமைப்பும் ஒரு நல்ல ஆய்வகத்தின் அறிக்கையைப் போலவே இருக்கும். அந்த நிறங்களுக்கும் நாயின் அரிப்புக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கால்நடைத் தோல் மருத்துவர்களான கிம்பர்லி காய்னர், லாரா ஷிக் இருவரின் ஆய்வு 2019இல் ‘ஜர்னல் ஆஃப் ஸ்மால் அனிமல் பிராக்டிஸ்’ இதழில் வெளியானது. ஒவ்வாமை உள்ள நாய், ஒவ்வாமை இல்லாத நாய் இரண்டின் முடியையும் எச்சிலையும் இப்படியொரு சோதனைக்கு அனுப்பினார்கள். கூடவே பொம்மையின் செயற்கை முடியையும், எச்சில் என்ற பெயரில் வெறும் உப்புநீரையும் வைத்து அனுப்பினார்கள். பொம்மைக்கும் ஒவ்வாமை அறிக்கை வந்தது. நிஜ நாய்களின் முடிவுக்கும் பொம்மையின் முடிவுக்கும் புள்ளியியல் கணக்கில் வேறுபாடு இல்லை. நோயுள்ள நாய்க்கும் நலமான நாய்க்கும் வேறுபாடு இல்லை. ஒரே மாதிரியை மறுபடி அனுப்பினால் அதே பதில் வரும் என்பதற்கும் நாணயம் சுண்டுவதைவிட மேலான உறுதி இல்லை. ஒரு கருவியை மதிப்பிடும் யாருக்கும் கடைசியாகச் சொன்னது ஒன்றே போதும். ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டும் தராசில் எவரும் தக்காளி வாங்க மாட்டார்.

காரணமும் புரியாத ஒன்றல்ல. முடி என்பது உயிரற்ற கெரட்டின் இழை. ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை அதிலிருந்து அளந்து எடுக்க வழியில்லை. அதனால்தான் முடிச்சோதனை விற்பவர்கள் சிலர் ‘உயிர் அதிர்வு’ என்ற பெயரில் ஒரு முறையைச் சொல்கிறார்கள். மருத்துவம் ஏற்றுக்கொண்ட அடிப்படை அதற்குக் கிடையாது. ‘நாங்கள் ஒவ்வாமையைப் பார்ப்பதில்லை, உடல் ஏற்காத பொருள்களைத்தான் பார்க்கிறோம்’ என்று சிறிய எழுத்தில் ஒதுங்கிக்கொள்பவர்களும் உண்டு. எச்சிலின் கதை கொஞ்சம் வேறு. அதில் உணவுக்கு எதிரான ஐஜிஏ, ஐஜிஎம் எதிர்ப்பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவை நலமான நாயிடமும் இருக்கின்றன. தினமும் தின்னும் கோழியை உடல் அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களையும் நலமான நாய்களையும் எச்சிலைக் கொண்டும் ரத்தத்தைக் கொண்டும் பிரிக்க முடியுமா என்று ஐரோப்பாவில் நடந்த ஆய்வும் 2019இல் வெளிவந்தது. பிரிக்க முடியவில்லை.

அறிக்கையின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தாலே வேறொரு சிக்கலும் தெரியும். மேல்நாட்டில் தயாரான இந்தப் பட்டியல்களில் சால்மன், ஓட்ஸ், பார்லி, கிரான்பெரி எல்லாம் இருக்கும். கோலார் மாவட்டத்து வீடுகளில் நாய்த்தட்டில் விழும் கேழ்வரகுக் களியைத் தேடத்தான் வேண்டும். உணவு ஒவ்வாமை திரும்பத் திரும்பத் தின்ற பொருளுக்கே வரும். வான்கோழி சிவப்பில் வந்தால், அது கோழிக்கு நெருங்கிய இனம் என்று விட்டுவிடலாம். மீன் வாடையே அறியாத நாய்க்குச் சால்மன் சிவப்பு என்றால் அந்த அறிக்கையை அங்கேயே மூடி வைக்கலாம். காற்றில் வருவனவற்றிலும் இதே கதைதான். ரயில் தண்டவாள ஓரமும் காலி மனைகளும் காங்கிரஸ் செடி என்று சொல்லப்படும் பார்த்தீனியத்தால் நிரம்பிக் கிடக்கும் பகுதி இது. மனிதர்களுக்குத் தோல் அழற்சி தருவதில் பேர்போன செடி; பட்டியலில் அதையும் தேடத்தான் வேண்டும். பக்கத்துக் கோலார் தங்கவயலில், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய பின்னும், காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசு குடியிருப்புகளுக்குள் வருகிறது. தோலும் மூச்சும் கெடுகின்றன என்று அங்குள்ள மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிடுகிறார்கள். அந்தத் தூசு நாய்த்தோலை உறுத்தினால், அது ஒவ்வாமைப் பட்டியல் எதிலும் சிக்காத எரிச்சல்.

‘அறிக்கை சொன்னதை நிறுத்தினோம், நாய் தேறிவிட்டது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. டஜன் கணக்கில் பொருள்களைச் சிவப்பாக்கும் அறிக்கையில் உண்மையான குற்றவாளியும் தற்செயலாக மாட்டிக்கொள்வது எளிது. நாய்களின் உணவு ஒவ்வாமைக்கு அதிகம் காரணமானவை எவை என்று முல்லர், ஆலிவ்ரி, ப்ரெலோ மூவரும் 2016இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்தார்கள்: 297 நாய்களில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால்பொருள் 17, கோழி 15, கோதுமை 13. கோழிக்கடைக் கழிவைச் சோற்றோடு வேகவைத்துப் போட்டு, மேலே பாலையும் ஊற்றி, இடையில் கோதுமை பிஸ்கட்டும் கொடுக்கும் வீட்டில் இம்மூன்றையும் நிறுத்தினால், அறிக்கையே இல்லாமல்கூடச் சில நாய்கள் தேறும். அரிப்பு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் பெட்டியை வாங்குகிறோம். அறிக்கை வந்து சேர்வதற்குள் தானே தணியத் தொடங்கியிருக்கலாம். கோழியும் பாலும் நின்ற அதே வாரத்தில் உண்ணி மருந்தும் போட்டிருந்தால், பெயர் வாங்குவது அறிக்கைதான்.

பணம் போனால் போகட்டும், கெடுதல் என்ன என்பது இதைவிட வலுவான வாதம். கெடுதல் இருக்கிறது. அரிப்புள்ள நாய்களில் உணவு ஒவ்வாமை காணப்படுவது ஆய்வுக்கு ஆய்வு மாறி, 9 முதல் 40 சதவீதம் வரை இருக்கிறது. அதாவது பெரும்பாலான நாய்களுக்குக் காரணம் வேறு: தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, ஈஸ்ட் கிருமி, வீட்டுத் தூசிச் சிலந்திப்பூச்சிக்கான ஒவ்வாமை. சொறிப்பூச்சி வீட்டு மனிதர்களுக்கும் தொற்றி அரிக்க வைக்கும். சாப்பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்தால், பூச்சிக்கு அந்த இரண்டு மாதமும் லாபம். கோழி, முட்டை, அரிசி, பால் எல்லாவற்றையும் சிவப்பென்று நிறுத்திவிட்டு, மிஞ்சியதை வைத்து ஒரு குட்டியை வளர்ப்பது சத்துக்குறைவுக்கு நேர்வழி.

வீட்டில் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முடியாது என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். உணவு ஒவ்வாமையை வீட்டில்தான் கண்டுபிடிக்க முடியும். மருத்துவர்கள் நம்பும் ஒரே முறை நடப்பது நாய்த்தட்டில். முதலில் பூச்சியை விலக்க வேண்டும். பல் நெருக்கமான சீப்பால் இடுப்பையும் வால் அடியையும் வாரி, விழுவதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டினால், தெள்ளுப்பூச்சியின் கழிவு செம்பழுப்பாகக் கரையும். அது நாயின் ரத்தம். காது மடலின் விளிம்பை விரலால் தேய்க்கும்போது பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கினால் சொறிப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். இவ்விரண்டும் முடிவான தீர்ப்பு அல்ல. செலவும் இல்லை. பூச்சிக்கு மருத்துவர் சொல்லும் மருந்தை முறையாகக் கொடுத்தும் அரிப்பு நிற்கவில்லை என்றால், உணவு விலக்குச் சோதனை: நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும். கோழியும் பாலும் பழகிய நாய்க்கு ஏரி மீனும் உருளைக்கிழங்கும் ஒரு வழி. எதை, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெங்காயம் எந்த வடிவிலும் கூடாது. ஐந்து வாரத்தில் உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் தேறுகின்றன, எட்டு வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல். தேறியபின் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் குற்றம் நிரூபணம். பலரும் விட்டுவிடும் படி இதுதான். இது இல்லாவிட்டால் பருவம் மாறியதா சாப்பாடு மாறியதா என்று சொல்லவே முடியாது.

எட்டு வாரம் யாரால் முடியும் என்பார்கள். நியாயமான கேள்வி, இந்த ஊரில் இன்னும் நியாயமானது. விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூரு வேலைக்குப் போய் இரவு திரும்பும் வீடுகளில் நாயைப் பார்த்துக்கொள்வது பாட்டியும் பிள்ளைகளும். பாட்டி டீயில் நனைத்த பிஸ்கட்டைப் போடுவார், பிள்ளை பானிபூரியில் பாதியைக் கொடுக்கும், பக்கத்து வீட்டார் எலும்பை எறிவார். ஒரு பிஸ்கட் போதும், நாள்கணக்கைக் கெடுக்க. மணமூட்டிய மெல்லும் மாத்திரைகூடச் சோதனையைக் குழப்பும். இடையில் யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் அரிப்பு எதனால் நின்றது என்பது தெரியாது. சிரமம்தான். ஆனால் பெட்டி இந்தச் சிரமத்தைக் குறைப்பதில்லை. அறிக்கையை நம்பி உணவை மாற்றுகிறவரும் இதே பாட்டியோடும் இதே பிஸ்கட்டோடும்தான் போராட வேண்டும், அதுவும் தவறான பட்டியலை வைத்துக்கொண்டு.

காற்றில் வரும் ஒவ்வாமைக்கு ரத்தச் சோதனையும் தோலுக்குள் ஊசியிட்டுப் பார்க்கும் சோதனையும் இருக்கின்றனவே, அவற்றை ஏற்கிறீர்களா என்று கேட்கலாம். ஏற்கலாம், ஓர் எல்லைக்குள். நாய்க்குத் தோல் ஒவ்வாமை இருக்கிறதா என்பதை வயது, அறிகுறி, மற்ற நோய்களை விலக்குதல் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவரே தீர்மானிக்கிறார். அதற்குப் பிறகு, ஒவ்வாமைப் பொருளைச் சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் ஊசிச் சிகிச்சையில் எந்தெந்தப் பொருளைச் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனைகள். உணவுக்கு இவையும் உதவா. இவற்றைப் பற்றிக் கேட்கவே பங்காருபேட்டையிலிருந்து பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நாள் போய்வர வேண்டும். வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இன்னும் தூரம். ஆனால் சொறிப்பூச்சிக்குத் தோலைச் சுரண்டிப் பார்க்கவும், காது அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்கவும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நுண்ணோக்கி வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் யாராலும் முடியும். முதலில் உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள்.

முடி, எச்சில் வழி ஒவ்வாமைப் பெட்டி எதுவாக இருந்தாலும் என் மதிப்பீடு ஒன்றுதான்: வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கி அறிக்கையும் வந்திருந்தால், அதைப் பார்த்து உணவைக் குறைக்காதீர்கள். நாய் கடந்த ஒரு வருடமாக என்னென்ன தின்றது என்று நினைவிலிருந்து எழுதி, அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.