டவர் மண்டபமும் இரட்டை இயந்திரமும்

கொழும்பு மருதானையில் 1911 டிசம்பரில் திறக்கப்பட்ட டவர் மண்டபம், பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில் வளர்ந்த சிங்கள நூர்த்தி நாடகங்களுக்கானது. பேசும்படம் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது, மண்டபமும் படமாளிகையாயிற்று. அரசு அதைப் புதுப்பித்து 1978இல் மீண்டும் மேடைக்கே கொடுத்தது.

நாடகத்துக்கு அது நல்லதே. ஆனால் கல்முனை போன்ற ஊர்களில் ஒரு பழைய படமாளிகையைக் காப்பதென்றால், பொல்கனியையும் கெலரியையும் செப்பனிட்டால் மட்டும் போதாது. உயிர் இயந்திர அறையில்தான் இருக்கிறது. 35 மி.மீ. படம் நொடிக்கு 24 சட்டம் ஓடும். 2000 அடிச் சுருள் ஏறத்தாழ 22 நிமிடத்தில் தீரும். அதனால்தான் இரண்டு இயந்திரங்கள். சுருள் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும்: அடுத்த இயந்திரத்தை ஓடவிட வேண்டும். சுமார் ஏழு நொடியில் இரண்டாம் புள்ளி வரும். அப்போது ஒளியை மாற்ற வேண்டும். கைதேர்ந்தவர் மாற்றினால் சுருள் மாறியதே தெரியாது. தவறினால் வெள்ளைத் திரை, கெலரியிலிருந்து விசில்.