படுக்கையருகே யார்?

ரொபன் கம்பியோவின் 'நிமிடத்துக்கு 120 துடிப்புகள்' 2017இல் கான் விழாவில் பெரும்பரிசு பெற்ற படம். இதனை எயிட்ஸ் பற்றிய ஒரு சோகப்படமாகப் பார்த்துவிட்டுப் போவது சுலபம். நான் இதனை மருத்துவ அதிகாரம் பற்றிய படமாகவே வாசிக்கிறேன்.

1989இல் தொடங்கப்பட்ட 'அக்ட் அப் பரிஸ்' அமைப்பே படத்தின் களம். கம்பியோவும், திரைக்கதையில் அவரோடு பணியாற்றிய பிலிப் மன்ஜோவும் அதில் இயங்கியவர்கள். விரிவுரை மண்டபமொன்றில் கூட்டம் நடக்கிறது. கைதட்டினால் பேச்சுத் தடைப்படும் என்பதால் விரல்களைச் சொடுக்கித்தான் ஆமோதிக்கிறார்கள். பரிசோதனை முடிவுகளை வெளியிடாத மருந்துக் கம்பனியின் அலுவலகத்தில் போலி இரத்தம் வீசப்படுகிறது. சமப்பாலுறவாளரோடு, மாசடைந்த இரத்தம் ஏற்றப்பட்டதால் நோய் தொற்றிய இளைஞனும் அவன் தாயும் அதே மண்டபத்தில் இருக்கிறார்கள். 'பாவி நோயாளி, அப்பாவி நோயாளி' என்ற பிரிப்பு இங்கே உடைகிறது. இரக்கத்தை யாரும் கேட்கவில்லை. தம் உடல் பற்றிய அறிவில் பங்கு கேட்கிறார்கள்.

பிற்பகுதியில் படம் ஷோனின் மரணப்படுக்கைக்குள் ஒடுங்குவதால் அரசியல் நழுவிவிடுகிறது என்று ஒருவர் வாதிடலாம். நான் உடன்படவில்லை. அவனைப் பராமரிப்பவன் காதலன் நத்தான். மரணத்தின்பின் தோழர்கள் ஒவ்வொருவராக வந்துசேர்கிறார்கள். அஸ்தியைப் பங்கிடுவது பற்றித் தாயோடு பேசுகிறார்கள். பிறகு அது காப்புறுதிக்காரரின் விருந்து மேசையில் வீசப்படுகிறது. யார் குடும்பம், யாருக்கு உரிமை என்பதுதான் இங்கே அரசியல்.

இத்தகைய போராட்டங்களும் சேர்ந்து வழிசமைத்த 2002 மார்ச் 4ஆம் திகதிச் சட்டம், பிரான்சில் நோயாளி தனது 'நம்பிக்கைக்குரியவரை' எழுத்தில் நியமிக்க இடமளிக்கிறது. அவர் இரத்த உறவாக இருக்கவேண்டியதில்லை; காதலராகவும் இருக்கலாம்.

ஆனால் எம்மவர் அந்தப் பெயரை யார் வாயால் சொல்வது? ஷோனும் தோழர்களும் அதிகாரத்தோடு அதன் மொழியிலேயே மோதினார்கள். எமது நோயாளிக்கோ தமையனோ மகளோ மொழிபெயர்க்கவேண்டும். வைத்தியரின் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் நோயாளி அந்த உறவினரின் முகத்தைப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பதில் அங்கேயே தணிக்கையாகிவிடுகிறது. சமப்பாலுறவாளர் ஒருவருக்கு அது சிகிச்சையையே பிழையாக்கக்கூடும்.

போரில் சிதைந்த உடலைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், நோயுற்ற உடலை வீட்டுவிஷயம் என்று ஒதுக்கிவிட்டோம். உறவினரல்லாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். எமது சங்கங்களில் ஒன்றாவது அதனை எழுப்பட்டும். கலாசாரம் பற்றிய விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம்.