குற்றாலத்துக் காற்றின் பின்னால் ஒரு யானை வேட்டை

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு வீடாக இருக்காது, சத்திரமாகிவிடும். மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பம், சென்னையிலிருந்து மதினி குடும்பம், யாருக்கு யார் சொந்தம் என்று பிடிபடாத இன்னும் நாலு பேர், எல்லோரும் துண்டும் நல்லெண்ணெய் பாட்டிலுமாக வந்து இறங்குவார்கள். ஐந்தருவிக்குக் கூட்டிப் போகணும், பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப் போகணும், ராத்திரி பார்டர் கடை புரோட்டாவுக்கு வரிசையில் நிற்கணும். கல்யாணமாகி வந்த 14 வருஷமும் இதே கதைதான். போன ஆனியில் மதினி கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். அப்பா, வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், நான் என்று ஐந்து பேரும் விடியக்காலம் நாலு மணிக்கு மேற்கே இருக்கிற அருவிக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கிழக்கே கிளம்பிவிட்டோம். எங்கே என்று கேட்டவர்களுக்கு அப்பா சொன்ன பதில்: "வேட்டைக்கு. பாலைவனத்துக்கு."

சொன்னால் நம்புங்கள், என் வாழ்க்கையில் இதைவிட நல்ல சீசன் வந்ததில்லை!

அப்பாவுக்கு 78 வயது. சின்னப் பிள்ளையில் தாத்தாவோடு காடு கலைக்கப் போனவர். தகரத்தைத் தட்டி, கத்திக் கூப்பாடு போட்டு, புதருக்குள் இருக்கும் மிருகத்தைத் துப்பாக்கிக்காரர் இருக்கும் பக்கம் விரட்டுகிற வேலை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாத்தா துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். மிச்சம் இருப்பது தோட்டா சொருகுகிற தோல் பெல்ட் ஒன்று. அதில் இப்போது என் மகள் கலர் பென்சில் சொருகி வைத்திருக்கிறாள். ஆனால் வேட்டைக்காரனின் கண்ணும் மூக்கும் அப்பாவை விட்டுப் போகவில்லை. காரில் ஏறினதும் ஜன்னலுக்கு வெளியே விரலை எச்சிலில் நனைத்து நீட்டினார். "காத்து பின்னால வருது. நல்லது. நமக்கு முன்னாலயே அங்க போயிடும்."

அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடரில் ஒரு இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் எங்கள் ஊருக்குள் நுழைகிறது. மழையில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சாரலாகக் குற்றாலத்தில் தூவிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே ஓடும். காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் நின்றால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறதே, அதே காற்று. பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டும்போது இரண்டு பக்கமும் காற்றாலைகள் தலைதெறிக்கச் சுற்றும். திருநெல்வேலி தாண்டினால் அதில் ஈரம் என்பது பேருக்குக்கூட இருக்காது. ஒரே காற்று, காலையில் எங்களுக்குக் குளிரடித்தது, மத்தியானம் தேரி மணல்மேட்டில் தோலை உரித்தது.

முதலில் வல்லநாடு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற ரோட்டில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஒரு கரட்டு மலை. 16.41 சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான் சரணாலயம். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். உடைமரமும் சப்பாத்திக்கள்ளியும் சீமைக்கருவேலமுமாக, ஆடுகூட மேயுமா என்று தோன்றும். ஆனால் இந்தியாவிலேயே வெளிமான் இயற்கையாக வாழ்கிற தென்கோடி இடம் இதுதான். இதற்குத் தெற்கே கிடையாது. மான் என்றதும் புள்ளிமானை நினைத்துவிடாதீர்கள். ஆண் வெளிமானுக்கு முதுகும் பக்கவாட்டும் கறுப்பு, வயிறு பால் வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தலையில் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இரண்டு கொம்பு. ஓடினால் மணிக்கு 80 கிலோமீட்டர்.

முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். கூட வந்த வாட்சர் நடந்தார், நாங்கள் பின்னால் நடந்தோம். கால் மணி நேரத்தில் அப்பா தலைமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார், வாட்சரும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். "ஏல, அந்தப் பக்கம் போகாத. நம்ம வாடை மானுக்குப் போயிடும். மேக்க பாத்து நடக்கணும். குத்தாலத்துக் காத்து மூஞ்சியில அடிக்கணும், அப்பத்தான் மானுக்கு நம்மளைத் தெரியாது." எதிர்க்காற்றில் போவது என்பது உலகத்தில் எல்லா வேட்டைக்காரனுக்கும் பாலபாடம்தான். ஆனால் குற்றாலத்துக் காற்றை வைத்து மானுக்கு வழி பிடிப்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். தரையில் ஓரிடத்தில் புழுக்கை குவியலாகக் கிடந்தது, ஒரே இடத்தில் பல நாள் போட்டது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார். கிடா தன் எல்லையைக் காட்டப் போட்டு வைப்பதாம். "ஈரம் இருக்கு. இன்னைக்குக் காலைல போட்டது." மகள் முகத்தைச் சுளித்தாள். மகன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அது நடந்தது. சரிவில் ஒரு உடைமரத்தின் குடை நிழலில், நிழலோடு நிழலாக நின்ற ஒன்று தலையைத் திருப்பியது. கொம்புதான் முதலில் தெரிந்தது, மரக்கிளை அசைகிறது என்றே நினைத்தேன். நாங்கள் ஐந்து பேரும் முள்ளுக்குள் குந்தியிருந்தோம், சங்கஞ்செடி என் முதுகைக் குத்துகிறது, கத்தவும் முடியாது. மூச்சுவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது மூக்கை உயர்த்தி மேயாமல் நின்றது. என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கினார். அந்தக் கிளிக் சத்தம்! பின்னால் புதருக்குள் படுத்திருந்த மஞ்சள் கலர் பெண் மான்கள் ஐந்தாறு திடுதிடுவென எழுந்தன. நாலு காலையும் சேர்த்து ஸ்பிரிங் வைத்த மாதிரி எம்பி எம்பி, பிறகு ஒரே ஓட்டம். கிடா கடைசியாகப் போனது, அவசரமே இல்லாமல். போட்டோவில் விழுந்தது ஒரு வாலும் நிறைய முள்ளும்தான். அதனால் என்ன! அப்பா கண்ணில் தண்ணீர். "சுட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சு போயிருக்கும்ட்டி," என்றார் என்னிடம்.

டெக்ஸஸில் இருக்கிற என் அத்தை மகனிடம் அன்றைக்கு ராத்திரி போனில் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். இதே வெளிமானை 1932-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் டெக்ஸஸில் விட்டார்களாம். பெருகிப் பெருகி, இன்றைக்கு அங்கே வேலி போட்ட பண்ணைகளில் பணம் கட்டினால் குடும்பத்தோடு போய் நம் ஊர் மானைச் சுட்டுவிட்டு வரலாம். இங்கே அதைத் தொட்டால் சிறை. ராஜஸ்தானில் பிஷ்னோய் மக்கள் இந்த மானைத் தங்கள் பிள்ளையாக நினைக்கிறவர்கள். 1998-ல் ஜோத்பூர் பக்கம் வெளிமானைச் சுட்டதாக ஒரு பெரிய இந்தி நடிகர் மேல் வழக்குப் போட்டு 20 வருஷம் விடாமல் நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்ததை ஊரே பார்த்தது. வல்லநாட்டு மானுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை, ஒரு வாட்சரும் நிறைய முள்ளும்தான் காவல். போதும் போலிருக்கிறது.

ஸ்ரீவைகுண்டம், நாசரேத் வழியாகக் குதிரைமொழித் தேரிக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. தேரிக்காட்டைப் பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? பச்சைப் பனங்காட்டுக்கு நடுவில் திடீரென்று ஒரு செக்கச்சிவந்த மணல் மேடு, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. குங்குமத்தை லாரி லாரியாகக் கொட்டினது மாதிரி. ஒவ்வொரு மணல் துகளிலும் இரும்புத் துரு பூசியிருக்கிறது, அதனால்தான் அந்தச் சிவப்பு. இந்த மணல் கடல் தந்தது மட்டும் இல்லையாம். மேற்கே மலையடிவாரத்துச் செம்மண்ணைப் பருவக்காற்று பல்லாயிரம் வருஷமாக அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டியிருக்கிறது என்பது மண்ணியல்காரர்கள் கணக்கு. எங்களைக் காலையில் தள்ளிவிட்ட அந்தக் காற்றுதான் இதையும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் நின்ற நேரத்திலும் மேட்டின் உச்சியில் மணல் புகை மாதிரி பறந்துகொண்டிருந்தது, முழங்காலுக்குக் கீழே ஊசி ஊசியாகக் குத்தியது. காலையில் குறிஞ்சியில் பல் தேய்த்து, மத்தியானம் பாலையில் மோர் குடிக்கிற பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

சரி, பாக்கியத்தோடு கொஞ்சம் பாடும் உண்டு. குறுக்குவழி என்று என் வீட்டுக்காரர் வண்டியை மணலில் இறக்கினார். நாலு சுற்று சுற்றிப் பின் டயர் பாதிக்கு மேல் புதைந்துவிட்டது. பக்கத்தில் பனையேறுகிற ஒரு அண்ணாச்சி வந்து, ஒன்றும் பேசாமல் காய்ந்த பனையோலையை டயருக்கு அடியில் சொருகி, "இப்ப எடுங்க" என்றார். வண்டி வெளியே வந்ததும் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார், நுங்கும் போட்டு. என் வீட்டுக்காரர் இன்றுவரை அந்த வண்டி புதைந்ததைத்தான் பயணத்தின் சிறப்பம்சம் என்கிறார், பதநீருக்காக.

தேரியில் மனுசர்கள் வேட்டையாடியது நேற்றைக்கு அல்ல. 1956-ல் ஜாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் திருநெல்வேலிச் சீமைத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். நகத்தளவு கல், அதில் கூர் வைத்து, அம்பு நுனியிலும் கைப்பிடியிலும் பதித்து வேட்டையாடியிருக்கிறார்கள். அவர்களும் தனியாக வந்திருக்க மாட்டார்கள். பொண்டாட்டி, பிள்ளை, வயசான அப்பன் என்று குடும்பமாகத்தான் இந்த மேட்டில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருப்பார்கள். என் மகன் சிவப்பு மணலில் ஒரு வெள்ளைச் சில்லைக் கண்டுபிடித்துக் கத்தினான். அது ஆதி மனிதன் செய்ததா, வெறும் கல்லா, யாருக்குத் தெரியும். கிடந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். கோபத்தோடு வைத்தான்.

எங்கள் குற்றாலத்துக்கும் ஒரு வேட்டைக் குடும்பம் உண்டே! தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரம். அங்கே பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் வருகிற சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறவன். கூடவே நூவன் என்ற எடுபிடி. சிங்கன் மனசெல்லாம் பெண்டாட்டி சிங்கி மேல். பறவைகள் பாட்டுக்குப் பறந்து போகும். வேட்டையில் ஒன்றும் மாட்டாமல் வீட்டுக்காரியைத் தேடி அலைந்ததுதான் அவன் கதை. என் வீட்டுக்காரரின் கேமரா சாதனையைப் பார்த்ததும் அப்பாவுக்கு அந்த நூவன் ஞாபகம்தான் வந்தது. வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். மருமகனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? ஆனால் மருமகனே விழுந்து விழுந்து சிரித்தார்.

கொல்லா மரத்து நிழலில் ஒரு ஓணான் இருந்தது. மணல் கலர், விரல் நீளம். தொண்டையில் விசிறி மாதிரி ஒரு தோல், அதை விரித்து மூடி விரித்து மூடிக் காட்டியது. 2016-ல் புது இனம் என்று அறிவித்து, நம் ஐந்திணையில் இரண்டைச் சேர்த்து 'மருதம்நெய்தல்' என்றே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள், சிட்டானா மருதம்நெய்தல். தமிழ்ப் பெயரோடு உலகத்துப் புத்தகங்களில் உட்கார்ந்திருக்கிற ஓணான்! நாங்கள் கண்டது அதுதான் என்று என் மகன் சத்தியம் செய்கிறான்.

ஆனால் அன்றைய பெரிய வேட்டை என் மகளுடையது. ஏழு வயது. வெயிலில் வாடிப்போய் ஒரு பனை மூட்டில் உட்கார்ந்தவள், "தாத்தா, இங்க குழி குழியா இருக்கு" என்றாள். அப்பா ஒரே எட்டில் போய் மண்டியிட்டார்.

"சத்தம் போடாத. யானை இருக்கு."

புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள், சுண்டுவிரல் நுழையும் அளவு. ஒரு கட்டெறும்பு வழி தவறி விளிம்புக்கு வந்தது. கால் வைத்த இடத்து மணல் சரிந்தது. ஏற ஏறச் சரிந்தது. அடியிலிருந்து ஏதோ ஒன்று மணலை வாரி மேலே வீசியது, ஒரு தடவை, இரண்டு தடவை, துப்பாக்கிக் குண்டு மாதிரி. எறும்பு உருண்டு உள்ளே விழுந்த அந்தக் கணத்தில் மணலுக்குள்ளிருந்து இரண்டு கொடுக்கு வந்து கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது. முடிந்தது. குழி மட்டும் இருந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. என் மகன் அப்படியே மலைத்துப்போய், "இன்னொரு தடவை" என்றான், ஏதோ யூடியூப் வீடியோவைக் கேட்கிற மாதிரி.

குழியானை! அப்பா ஒரு குழியை அடியோடு கையில் அள்ளி, விரல் இடுக்கு வழியாக மணலை வடியவிட்டார். உள்ளங்கையில் மிஞ்சியது சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி, மிளகு அளவு உடம்பு, முன்னால் தந்தம் மாதிரி வளைந்த இரண்டு கொடுக்கு. முன்னால் போகத் தெரியாது அதற்கு. பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து அவர் ரேகைக்குள் புதையப் பார்த்தது. வளர்ந்தால் தட்டான் மாதிரி றெக்கை முளைத்துப் பறந்துவிடுமாம். மகள் தன் கையை நீட்டினாள். அது அவள் கையிலும் பின்னால் பின்னாலேயே போனது. கூச்சத்தில் நெளிந்தாள், கையை மட்டும் எடுக்கவில்லை. வெளிமானுக்குக்கூட அவள் அப்படி மூச்சடக்கவில்லை.

பிறகு அவளே ஒரு பனை மூட்டில், காற்று படாத பக்கமாகப் பார்த்து இறக்கிவிட்டாள். இரண்டு சுற்று சுற்றி மணலுக்குள் போய்விட்டது.

ராத்திரி பத்து மணிக்குத் தென்காசிக்குள் நுழையும்போது கண்ணாடியில் சாரல் விழுந்தது. வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றிக் கழுவினோம், தண்ணீர் சிவப்பாக ஓடியது. அருவியில் குளித்துத் தலை காயாமல் உட்கார்ந்திருந்த மதினி திண்ணையிலிருந்தே கேட்டாள், "என்ன, வேட்டைக்குப் போனீயளாம்ல? என்னத்த அடிச்சீங்க?"

"ஒரு யானை பிடிச்சோம் அத்தை," என்றாள் மகள். "விட்டுட்டு வந்துட்டோம்."