இருந்தும் தெரியாத வால்வு

ஷெட்யூலில் 14 பேலன்சிங் வால்வு. பிளானில் ஒன்றுகூட இல்லை. ஒரு மருத்துவமனையின் சில்டு வாட்டர் வரைபடம், மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டியது. 1:100 தாளை உற்றுப் பார்த்தேன். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் குழாய்க்கோடு அறுந்து, ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு வெற்றிடம். 150 மி.மீ. குழாயில் உட்காரும் அந்த வால்வின் நீளம் 480 மி.மீ. கணக்கு பொருந்தியது. வால்வு அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

கட்டட வரைபட மென்பொருளான ரெவிட்டில் சொந்தமாக ஃபேமிலி, அதாவது வால்வு போன்ற பொருள்களுக்கான வார்ப்புக் கோப்பு, செய்யத் தொடங்கிய எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். உடனே கை போவது பல்பு படம் போட்ட பொத்தானுக்கு, அதாவது ரிவீல் ஹிடன் எலிமென்ட்ஸுக்கு. நாம் அந்த வியூவில் மறைத்துவைத்ததை அது காட்டும்; டீடெயில் லெவலால் மறைந்ததைக் காட்டாது. அங்கும் தெரியவில்லையே என்று புதிதாக இன்னொரு வால்வை வைத்தால் ஷெட்யூல் எண்ணிக்கையும் கெட்டுவிடும். ஷெட்யூலில் அந்த வரிசையைத் தேர்ந்து, ஹைலைட் இன் மாடல் கொடுத்துப் பார்ப்பதே நல்லது. பொருள் இருக்கிறதா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

டீடெயில் லெவல் மூன்று: கோர்ஸ், மீடியம், ஃபைன். எங்கள் சிக்கலின் வேர் மீடியத்தில் இருந்தது. டக்ட் கோர்ஸில் மட்டும்தான் ஒற்றைக் கோடு, மீடியத்திலேயே இரட்டைக் கோடாகிவிடும். குழாய் அப்படியல்ல. கோர்ஸிலும் மீடியத்திலும் ஒற்றைக் கோடாகவே இருக்கும், ஃபைனில்தான் முழு உருவம் வரும். எங்கள் ஃபேமிலியில் குறியீட்டுக்குக் கோர்ஸ் மட்டும் டிக், முப்பரிமாண உடலுக்கு ஃபைன் மட்டும் டிக். நடுவில் இருந்த மீடியத்துக்கு எதுவுமே இல்லை. அதே தாளில் டக்ட் இரட்டைக் கோடாக வர வேண்டும் என்பதால் பிளானை மீடியத்தில்தான் வைத்திருந்தோம். ஃபேமிலியைத் திறந்து, குறியீட்டுக் கோடுகளைத் தேர்ந்து, விசிபிலிட்டி செட்டிங்ஸில் மீடியத்துக்கும் ஒரு டிக். ரீலோட் செய்ததும் 14 வால்வும் வந்து நின்றன.

ஃபேமிலி எடிட்டரிலேயே இதைப் பிடித்திருக்கலாம். அடியில் உள்ள பட்டையில் பிரிவியூ விசிபிலிட்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மூன்று லெவலையும் மாற்றிப் பார்த்தால், திட்டத்தில் எது தெரியும் எது மறையும் என்பது அப்படியே தெரியும். இந்த மென்பொருளில் நான் மிகவும் மதிக்கும் வசதிகளில் ஒன்று இது. இதைத் தொடாமலே ஃபேமிலியைச் சேமித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

குறியீடு தெரிந்தாலும் அளவு உதைக்கும். சிம்பாலிக் லைனால் வரைந்த குறியீடு நிஜ அளவில் நிற்பது. 1:50இல் கண்ணுக்கு நிறைவாக இருப்பது 1:100இல் பாதியாகிவிடும். ஜெனரிக் அனொட்டேஷனாகச் செய்து ஃபேமிலிக்குள் வைத்தால், எந்த ஸ்கேலிலும் தாளில் ஒரே அளவில் வரும். அப்போதும் இரண்டு கனெக்டர்களிலிருந்தும் குறியீடு வரை கோடு இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் அறுந்தே தெரியும்.

தயாரிப்பாளர் தந்த டிடபிள்யூஜி கோப்பை ஃபேமிலிக்குள் இறக்கியிருந்தால், விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் இம்போர்ட்டட் கேட்டகரீஸ் பக்கத்துக்குப் போய் இம்போர்ட்ஸ் இன் ஃபேமிலீஸ் என்ற வரியைப் பாருங்கள். அந்த டிக்கை எடுத்துவிட்ட வியூ டெம்ப்ளேட்டில் வால்வு சத்தமில்லாமல் மறையும். அந்தக் கோப்பைப் பார்த்து உருவத்தை நாமே வரைந்துகொண்டு, இறக்கியதை நீக்கிவிடுவதே என் வழக்கம். வியூ ரேஞ்சைப் பலரும் முதலில் சோதிக்கிறார்கள். பக்கத்துக் குழாய் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அதில் தவறு இருக்காது.

ஒவ்வொரு கோட்டுக்கும் எந்த வியூ, எந்த லெவல் என்று தனித்தனியே சொல்ல முடிவது ரெவிட்டின் பெரிய பலம். அதற்காகவே ஃபேமிலி செய்யும் உழைப்பு வீண் போகாது என்பேன். ஆனால் ஒரு பொருளைத் தேர்ந்து, 'இந்த வியூவில் இது ஏன் தெரியவில்லை' என்று கேட்டால் காரணத்தை ஒரே வரியில் சொல்லும் வசதி வேண்டும். இன்று அந்தக் காரணத்தை நாலைந்து ஜன்னல் திறந்து நாமேதான் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது சோதனைக்கென்றே ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கிறேன். படுக்கைக் குழாய் ஒன்று, செங்குத்துக் குழாய் ஒன்று, மூன்று லெவலிலும் ஒவ்வொரு பிளான். புது ஃபேமிலி முதலில் அதில்தான் இறங்கும். செங்குத்துக் குழாயில் இன்னும் இடறுகிறது: சிம்பாலிக் லைன் தான் வரையப்பட்ட தளத்துக்கு இணையான வியூவில் மட்டுமே தெரியும், ரைசரில் வால்வு நிமிர்ந்ததும் பிளானில் குறியீடு போய்விடுகிறது. ரைசருக்கென்று தனிக் குறியீட்டை நிமிர்ந்த தளத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன்.